தென்கரைச் சரித்திரம் – 14: ஜனாதிபதியின் திருமுகம்

சென்ற இதழில் நாம் அடையாற்றின் தென்கரையில், ஹடில்ஸ்டன் தோட்டத்தின் வாயிலில் வந்து நின்றோம். 1882-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி, கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் அமெரிக்கரும் பிளாவட்ஸ்கி அம்மையார் என்னும் ருஷ்யப் பெண்மணியும், சென்னை நண்பர்கள் சிலர் வழிகாட்ட, அந்தத் தோட்டத்தைப் பார்வையிட்டார்கள் என்பதோடு கதையை நிறுத்தினோம். அவர்கள் அதை வாங்கிக் குடிபுகுந்ததையும், அதன்பின் அந்த நதிக்கரை பல தேசத்தாரும் வந்து தங்கும் ஸ்தலமாக மாறியதையும் இனிச் சொல்ல வேண்டும். ஆயினும், இவ்விருவரும் இந்தியாவில் நிலையாகக் கால் ஊன்றுவதற்கு எழுத்தால் துணை நின்ற ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. அக்கடிதம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி தம் கைப்பட எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதம். ஆகவே, வாசகர்கள் என்னோடு நான்கு ஆண்டுகள் பின்னே சென்று, பனிக்காலத்து நியூயார்க் நகரத்தில் சிறிது நேரம் தங்கியிருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

அங்கே போகுமுன் நம் வீட்டுக் கதை ஒன்று. அறிமுகக் கடிதம் என்பது தமிழர்களுக்குப் புதியதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், பசியால் வாடி எதிரே வரும் இன்னொருவனைக் கண்டு, இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகச் செல், உன் வறுமை தீரும் என்று சொல்லி அனுப்புவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் இட்டு, பத்துப்பாட்டில் சரிபாதியை அதற்கே ஒதுக்கி வைத்தவர்கள் நம் முன்னோர். மனிதர்கள் மட்டுமா சிபாரிசு செய்தார்கள்? மதுரை ஆலவாய்ப் பெருமானே பாணபத்திரர் என்னும் இசைவாணருக்காக ஓலை ஒன்று எழுதி, சேரமான் பெருமாளிடம் கொடுத்துவிட்டார் என்ற வரலாற்றைக் கோயில் மண்டபங்களில் புராணம் கேட்டு வளர்ந்தவர் யாவரும் அறிவர். பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் திருமுகப் பாசுரம் என்ற பெயரோடு அந்த ஓலை இன்றும் இருக்கிறது. அதைச் சிரமேற்கொண்ட சேரமான் தம் கருவூலத்தையும் அரசையுமே எடுத்துக்கொள்ளும்படி வேண்ட, பாணபத்திரரோ தமக்கு வேண்டிய அளவு மாத்திரம் பெற்றுத் திரும்பினார்.

இந்தச் சிறு கதைக்குள் அறிமுகக் கடிதத்தின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எழுதுகிறவர் தகுதியை மட்டும் பார்த்து எழுத வேண்டும். பெறுகிறவர் எழுதியவரை எண்ணி வந்தவரை மதிக்க வேண்டும். கொண்டு செல்கிறவர் அதை வைத்து அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடையாற்றுக் கதையில் இம்மூன்றும் எவ்விடத்தில் காக்கப்பட்டன, எவ்விடத்தில் தவறின என்பதைப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

*

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி நியூஜெர்ஸி மாகாணத்து ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தவர். முதலில் அவர் ஈடுபட்ட துறை விவசாயம். சர்க்கரைப் பாகு எடுக்க உதவும் சோள வகைகளைப் பற்றி 1857-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். ‘நியூயார்க் டிரிபியூன்’ பத்திரிகையில் விவசாயப் பகுதியைக் கவனித்தார். பிறகு உள்நாட்டு யுத்தம் மூண்டது. யுத்தம் வந்தால் படைக்கு உணவும் உடையும் ஆயுதமும் விற்கும் காண்டிராக்டர்களின் கள்ளக் கணக்குகளும் கூடவே வருவது உலக வழக்கம். அந்த மோசடிகளைத் துருவி ஆராயும் விசேஷ கமிஷனராக ராணுவ இலாகா ஆல்காட்டை நியமித்தது. இடையூறுகளுக்கு அஞ்சாமல் அவர் அந்தக் காரியத்தை நிறைவேற்றியதனால், கடற்படை இலாகாவும் அவரை அழைத்துக்கொண்டது. 1865-இல் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தக் கொலைச் சதியை விசாரிக்க அமர்த்தப்பட்ட அதிகாரிகளுள் ஆல்காட்டும் ஒருவர். யுத்தம் முடிந்த பின் சட்டம் பயின்று, 1868-இல் வக்கீலானார்.

கணக்கையும் சாட்சியத்தையும் சலித்து எடுத்துப் பழகிய இந்த மனிதர், 1874-இல் வெர்மான்ட் மாகாணத்துப் பண்ணை வீடு ஒன்றில் ஆவிகள் தோன்றுவதாகக் கேள்விப்பட்டு அதை விசாரிக்கச் சென்ற இடத்தில்தான், அக்டோபர் மாதத்தில், பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் ஜீவியத்தைத் திருப்பிவிட்டது. மறு ஆண்டு, 1875 நவம்பர் 17-ஆம் தேதி, நியூயார்க்கில் பிரம்மஞான சபை முறைப்படி தொடங்கியது. ஆல்காட் அதன் தலைவரானார். மேலும் மூன்று ஆண்டுகளில், வக்கீல் தொழிலையும் சொந்த ஊரையும் விட்டு, இந்தியாவுக்குப் போய்விடுவது என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

1878 டிசம்பரில் அவர்களுடைய வீடு விடைபெறும் வீடாக இருந்தது. சாமான்கள் விலைபோயின, நண்பர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்த ஆண்டுதான் பிரம்மஞான சபையில் சேர்ந்திருந்த தாமஸ் எடிசன், தாம் புதிதாகக் கண்டுபிடித்த பேசும் இயந்திரம் ஒன்றைத் தம் உதவியாளர் மூலம் அங்கே அனுப்பிவைத்தார். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதன் குழாய்க்கு நேரே குனிந்து, இந்தியாவிலிருக்கும் முகமறியாத சகோதரர்களுக்கு ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்ல, ஊசி அந்தக் குரல்களை உருளையில் சுற்றிய ஈயத் தகட்டின்மேல் கீறிப் பதித்தது.

புறப்படுவதற்குச் சில நாட்களே இருந்த அந்தச் சமயத்தில், வாஷிங்டனிலிருந்து ஆல்காட்டுக்கு மூன்று பத்திரங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, உலகெங்குமுள்ள அமெரிக்கத் தூதர்களுக்கும் கான்ஸல்களுக்கும் அவரைச் சிபாரிசு செய்து ஜனாதிபதி ரூதர்போர்டு ஹேய்ஸ் தம் கையாலேயே எழுதிய கடிதம். இரண்டாவது, ராஜதந்திரிகளுக்கு வழங்கப்படும் வகையைச் சேர்ந்த விசேஷப் பாஸ்போர்ட். மூன்றாவது, அமெரிக்காவின் வர்த்தகத்தை ஆசியாவில் விரிவுபடுத்துவது சாத்தியமா என்று ஆராய்ந்து சர்க்காருக்குத் தெரிவிக்கும்படி கொடுத்த அதிகார பத்திரம். பின் இரண்டும் வில்லியம் எவார்ட்ஸ் மந்திரியாக இருந்த ராஜாங்க இலாகாவின் வழியே வந்தவை. ஆல்காட் தம் பழைய தினசரிக் குறிப்புகளைக் கொண்டு பிற்காலத்தில் எழுதிய நூலில், இவை வந்து சேர்ந்ததைப் பதிந்து வைத்திருக்கிறார்.

கைப்பட எழுதிய கடிதம் என்பதற்கு அந்த நாளில் இருந்த மதிப்பை இப்போது நாம் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனாதிபதியின் மாளிகைக்கு டைப்ரைட்டர் வந்ததே 1880-இல்தான். அதற்கு முன் அங்கிருந்து வெளிப்பட்ட எழுத்தெல்லாம் கையெழுத்துத்தான் என்றாலும், குமாஸ்தா எழுதித் தலைவர் கையொப்பம் மட்டும் இடுவது வேறு. தலைவரே பேனாவை மையில் தோய்த்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் எழுதுவது வேறு. அறிமுகக் கடிதத்தை உறையில் இட்டு ஒட்டாமல் திறந்தபடியே கொடுப்பது அக்காலத்து மரியாதை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கொண்டு போகிறவன் படித்துக்கொள்ளலாம். படித்தபின், அதற்குத் தகுந்தவனாக நடந்துகொள்ளும் கடமை அவனைச் சேர்ந்துவிடும்.

*

இனி, எழுதிக் கொடுத்தவர் யார் என்பதைச் சிறிது விஸ்தாரமாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தக் கதையின் சாரம் அவரிடத்தில்தான் இருக்கிறது.

ஹேய்ஸ் ஓஹையோ மாகாணத்தவர். உள்நாட்டு யுத்தத்தில் பலமுறை காயம்பட்டுத் தளகர்த்தர் பதவி வரை உயர்ந்தவர். இளமை முதல் இறுதி வரையில் தினசரி எழுதிவந்தவர். 1876-ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க் கட்சியைச் சேர்ந்த டில்டனுக்கே ஜனங்களின் வாக்குகள் அதிகம் கிடைத்தன. தகராறு முற்றி, 15 பேர் கொண்ட ஒரு கமிஷன் விசாரித்த முடிவில், தேர்வாளர்களின் வாக்குகளில் 185-க்கு 184 என்ற ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஹேய்ஸ் ஜனாதிபதியானார். அந்தக் கமிஷன் முன் அவர் கட்சிக்காக வாதாடிய வக்கீல்தான் பிறகு ராஜாங்க மந்திரியான எவார்ட்ஸ்.

இப்படிச் சந்தேகத்தின் நிழலில் பதவியேற்ற ஹேய்ஸ், தமக்கு வாய்த்த நான்கு ஆண்டுகளில் முக்கியமாகப் போர் தொடுத்தது எதன்மேல் என்றால், சிபாரிசின்மேல். அமெரிக்காவில் அந்த நாளில், ஒரு கட்சி வென்றால் தபாலாபீஸ் குமாஸ்தா முதல் சுங்க அதிகாரி வரையில் பழையவர்களை நீக்கி, வென்ற கட்சிக்காரர்களை நியமிப்பது பகிரங்கமான வழக்கமாக இருந்தது. உத்தியோகம் வேண்டுகிறவனிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, நீ எங்கள் கட்சியைச் சேர்ந்தவனா என்பது. ஹேய்ஸ் 1877 ஜூன் மாதத்தில், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் கட்சிக் காரியங்களை நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவை மதியாமல், கட்சியின் கோட்டையாக விளங்கிய நியூயார்க் சுங்கச் சாவடியின் தலைவரான செஸ்டர் ஆர்தர் என்பவரை, சொந்தக் கட்சிக்காரர் என்றும் பாராமல், 1878 ஜூலையில் பதவியிலிருந்து நீக்கினார். காலத்தின் கதியைப் பாருங்கள்: ஹேய்ஸுக்குப் பின் ஜனாதிபதியான கார்பீல்டு, உத்தியோகம் கேட்டு அலைந்து ஏமாந்த ஒருவனால் 1881-இல் சுடப்பட்டு இறந்தார், அவருடைய ஸ்தானத்துக்கு வந்த உப ஜனாதிபதி வேறு யாருமல்லர், முன்பு நீக்கப்பட்ட அந்த ஆர்தரே, பரீட்சை வைத்துத் தகுதி பார்த்தே உத்தியோகம் தர வேண்டும் என்னும் சட்டத்தில் 1883-இல் கையெழுத்திட்டவரும் அவரே.

கட்சி பார்த்துச் செய்யும் சிபாரிசை எதிர்த்த அந்த ஹேய்ஸ்தான், ஆர்தரை நீக்கிய அதே ஆண்டின் இறுதியில், ஆல்காட்டுக்குத் தம் கையால் சிபாரிசுக் கடிதம் எழுதினார். இதில் முரண்பாடு இல்லை. ஆல்காட் யுத்த காலத்தில் தேசத்தின் பணத்தைத் திருடர்களிடமிருந்து காத்தவர். தூர தேசம் செல்லும் குடிமகன் ஒருவனுக்கு, அவன் இன்னான் என்று அவனுடைய தேசத்தின் தலைவர் சாட்சி சொல்லுகிறார், அவ்வளவே. அவன் புதிதாகத் தழுவிய தத்துவம் தமக்குச் சம்மதமா என்பது அங்கே கேள்வியாக எழவில்லை. ஆலவாய் அண்ணல் எழுதிய ஓலையின் முதல் தர்மம் வாஷிங்டனிலும் காக்கப்பட்டது என்றே நான் கொள்கிறேன்.

*

அந்தக் கடிதத்துக்கு வேலை வந்தது இந்தியாவில். 1878 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, லண்டனில் சில நாட்கள் தங்கி, 1879 பிப்ரவரி 16-ஆம் தேதி இருவரும் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் வந்த வேளை நல்ல வேளையன்று. மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஆப்கானிஸ்தானத்தின்மேல் ஆங்கிலேயர் இரண்டாம் முறையாகப் படையெடுத்திருந்தார்கள். வடமேற்கு எல்லைக்கு அப்பால் ருஷ்யா என்ன செய்யுமோ என்ற பயம் அதிகாரிகளின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், வெள்ளையர் வட்டாரத்தை நாடாமல் சுதேசிகள் வாழும் கிர்காம் பகுதியில் வீடெடுத்து, இந்துக்களோடும் பார்ஸிகளோடும் பழகி, உங்கள் முன்னோரின் சாஸ்திரங்களைப் போற்றுங்கள் என்று பேசும் ஒரு ருஷ்யப் பெண்மணியைச் சர்க்கார் எப்படிப் பார்த்திருக்கும்? அம்மையார் 1878 ஜூலையிலேயே அமெரிக்கப் பிரஜையாகிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் பிறந்த மண்ணின் பெயரை எந்தப் பாஸ்போர்ட்டும் அழித்துவிடுவதில்லை. 1879 ஏப்ரலில் அவர்கள் வடநாட்டு யாத்திரை சென்றபோது, போலீஸ் ஒற்றர்களும் ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார்கள்.

ஆல்காட் பம்பாய் திரும்பியதும் அமெரிக்கக் கான்ஸலிடம் முறையிட்டார். காரியம் முழுமையாகத் தீர்ந்தது மறு ஆண்டு, சிம்லாவில். அலகாபாத்திலிருந்து வெளிவந்த ‘பயனியர்’ பத்திரிகையின் ஆசிரியர் சின்னெட் என்பவரின் விருந்தினராக இருவரும் அங்கே தங்கியிருந்தபோது, ஆல்காட் இந்திய சர்க்காரின் வெளிநாட்டு இலாகாவுக்குத் தம் நிலையை விளக்கி எழுதி, அமெரிக்க சர்க்கார் தமக்குத் தந்த பத்திரங்களின் நகல்களையும் சமர்ப்பித்தார். ஒற்றறியும் வேலை நின்றது. அரசியலில் தலையிடாதவரையில் அவர்களுக்குத் தொல்லை இராது என்பது உறுதியாயிற்று. அந்தப் பத்திரங்கள் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது சரித்திரக்காரன் வேலையன்று. ஆனால், சந்தேகம் தீர்ந்த மனிதராக அவர் நம் சென்னைக்கு வந்தார் என்பதில் அக்கடிதத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லலாம்.

1882 ஏப்ரல் 23-ஆம் தேதி அவர்கள் சென்னையில் அடிவைத்தபோது, இங்கே அவர்களை அறிமுகப்படுத்த வாஷிங்டனின் கடிதம் தேவைப்படவில்லை. மயிலையின் பெரிய மனிதர் திவான் பகதூர் ஆர். ரகுநாத ராவும், இளம் வக்கீலாக இருந்த டி. சுப்பா ராவும் முன்னின்று வரவேற்றார்கள். அவர்களின் வார்த்தையே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. சென்ற அத்தியாயத்தில் சொன்னபடி, நீலகிரி அடிவாரத்துக்கு ரெயில் வசதி ஏற்பட்டு வெள்ளைக்கார அதிகாரிகள் உதகைக்குப் போய்விடத் தலைப்பட்டதனால், சென்னையின் பெரிய தோட்ட வீடுகள் விலை சரிந்து கிடந்தன. 27 ஏக்கர் நிலமும் மாளிகையும் சேர்ந்து சுமார் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தன. அந்தத் தொகையைத் திரட்டுவதில் அய்யாலு நாயுடுவும் முத்துசாமி செட்டியாரும் துணை நின்றார்கள். 1882 டிசம்பர் 19-ஆம் தேதி இருவரும் குடிபுகுந்தார்கள்.

இன்றும் அந்த மாளிகையின் நடு மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள், அமர்ந்த கோலத்தில் அம்மையாரையும் அருகே நின்ற கோலத்தில் கர்னலையும் சிலை வடிவில் காணலாம். மார்பளவு இறங்கிய வெண்தாடியும் அகன்ற நெற்றியுமாக, வந்தவரை இன்முகத்தோடு விசாரிக்கும் ஒரு கிராமத்துப் பெரியவரைப்போலவே அவர் நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபின், இனி நான் சொல்லப்போகும் சம்பவத்தைச் சொல்ல நாக்கு சற்றே தயங்குகிறது. ஆனால் உகந்ததை எடுத்துரைத்து உகவாததை ஒளிப்பது சரித்திரமாகாது.

*

1893-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாந்தோமில் மன்மதநாத பட்டாசார்யரின் இல்லத்தில் வங்காளத்துத் துறவி ஒருவர் தங்கியிருந்தார். கையில் தண்டும் கமண்டலுவும் தவிர உடைமை என்று சொல்ல ஒன்றும் இல்லாத அந்த முப்பது வயதுச் சந்நியாசியின் பேச்சைக் கேட்க, திருவல்லிக்கேணியிலிருந்தும் மயிலையிலிருந்தும் பட்டதாரி இளைஞர்கள் மாலைதோறும் கூடினார்கள். சிகாகோவில் நடக்கவிருக்கும் சர்வமத மகாசபைக்கு அவரை அனுப்பியே தீர்வது என்று அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர் தலைமையில் அவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் சேர்த்தார்கள். பணம் சேர்ந்தது. அமெரிக்காவில் யாரிடம் போவது? அங்கே அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அடையாற்றிலோ அமெரிக்கர் ஒருவர் இருக்கிறார், இந்தியாவை நேசிக்கிறவர், அந்த நாட்டில் அவருக்கு நண்பர்கள் பலர். அவரைக் கேட்டால் ஒரு கடிதம் கொடுக்க மாட்டாரா?

விவேகானந்த சுவாமிகள் கேட்டார். நடந்ததை அவரே நான்கு ஆண்டுகளுக்குப் பின் சென்னை விக்டோரியா மண்டபத்தில், 1897 பிப்ரவரி மாதத்தில், மக்கள் திரண்டிருந்த சபையில் எடுத்துரைத்தார். பிரம்மஞான சபையின் தலைவர் அவரிடம், எங்கள் சபையில் சேருவீரா என்று வினவினாராம். உங்கள் கொள்கைகளிற் பலவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லாதபோது எப்படிச் சேருவேன் என்று சுவாமிகள் விடையளிக்க, அப்படியானால் நான் உமக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று தலைவர் சொல்லிவிட்டாராம்.

இதைச் சொன்னவர் ஒரு தரப்பினர் என்பதை மறக்க வேண்டாம். அறிமுகக் கடிதம் எழுதுகிறவன் தன் மானத்தைப் பிணையாக வைக்கிறான். ஒரு ஸ்தாபனத்தின் தலைவர், அதன் கொள்கைகளை ஏற்காத ஒருவருக்காக ஜாமீன் நிற்கத் தயங்குவது மனித சுபாவம். இவ்வளவையும் நினைத்துப் பார்த்த பின்னரும், இது தவறு என்றே என் மனம் சொல்லுகிறது. நீ எங்கள் கட்சியைச் சேர்ந்தவனா என்ற கேள்வியைத் தம் நாட்டிலிருந்தே ஒழிக்கப் போராடிய ஒருவர், அந்தக் கேள்வியைக் கேளாமல் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு இந்தியா வந்தவர், தம் வாயிலில் வந்து நின்ற ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். ஓலையை வாங்கிக்கொண்டவருக்கு ஓலை கொடுக்கும் கடமையும் உண்டு; அந்தக் கடன் அன்று தீர்க்கப்படாமல் போயிற்று.

சுவாமிகள் அறிமுகக் கடிதம் இன்றியே மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறினார். ஹடில்ஸ்டன் தோட்டத்தைக் கர்னல் முதன்முதலில் பார்த்ததும் ஒரு மே 31 என்பது என் கண்ணில் படுகிறது. சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், தகுந்த ஸ்தாபனம் ஒன்றின் சான்று இல்லாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கைப்பணமும் கரைந்தது. ரெயிலில் அறிமுகமான ஒரு பெண்மணியின் ஆதரவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் தங்கியிருந்தபோது, ஹார்வர்டு சர்வகலாசாலையில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜான் ஹென்றி ரைட் என்பவரைச் சந்தித்தார். கடலோரத்துக் கிராமமாகிய அனிஸ்குவாமில், ஆகஸ்டு மாத இறுதியில், சில நாட்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சான்றிதழ் இல்லை என்று சுவாமிகள் சொன்னபோது, உம்மிடம் சான்று கேட்பது சூரியனிடம் நீ ஒளிவிட அனுமதி பெற்றாயா என்று கேட்பதைப் போன்றது என்னும் கருத்துப்படப் பேராசிரியர் மறுமொழி கூறினார். மகாசபையின் பொறுப்பாளர்களுக்குத் தாமே கடிதங்கள் எழுதிக் கொடுத்து, சிகாகோவுக்கு டிக்கெட்டும் வாங்கித் தந்தார். அவர் இந்துவல்லர், சபையில் சேருகிறாயா என்றும் கேட்கவில்லை.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. சிகாகோவில் இறங்கியபோது போகவேண்டிய இடத்தின் முகவரி தொலைந்துவிட, சரக்கு ரெயில் நிலையத்தில் ஒரு வண்டிக்குள் இரவைக் கழித்து, காலையில் வீடு வீடாக வழி கேட்டு விரட்டுண்டு, களைத்து வீதியில் உட்கார்ந்துவிட்ட சுவாமிகளை, எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து உள்ளே அழைத்துச் சென்றார் ஹேல் என்பவரின் மனைவியார். அந்த அம்மையாருக்கு எழுதப்பட்ட கடிதம் எதுவும் இல்லை. செப்டம்பர் 11-ஆம் தேதி மகாசபையில் சுவாமிகள் எழுந்து நின்றார். 1897-இல் திரும்பி வந்தபோது, ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கடற்கரை ஐஸ் ஹவுஸில், ஒன்பது நாட்கள் சென்னை அவரைக் கொண்டாடியது.

*

கர்னலின் கதையை இவ்விடத்தில் விட்டுவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். கேட்ட கடிதத்தைக் கொடுக்காமற்போன மறு ஆண்டே, 1894-இல், அவர் அடையாற்றை அடுத்த ஊரூரில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டு, எந்தப் பள்ளித் திண்ணையிலும் ஏற இயலாதிருந்த ஏழைகளின் குழந்தைகளுக்காக ஏற்பட்ட இலவசப் பள்ளி அது. பிறகு கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலையிலும் கிருஷ்ணாம்பேட்டையிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரே வைக்கப்பட்டது.

1898-இல் ராயப்பேட்டைச் சித்த வைத்தியர் அயோத்திதாச பண்டிதரும் அவரைச் சேர்ந்தவர்களும் கர்னலை அணுகி, எங்கள் முன்னோர் பௌத்தர்கள், நாங்கள் அந்த மார்க்கத்துக்குத் திரும்ப விரும்புகிறோம், வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இம்முறை கர்னல் கடிதம் கொடுத்து அனுப்பவில்லை; தாமே உடன் புறப்பட்டார். இலங்கையில் அவர் அந்நியரல்லர். 1880 மே மாதத்திலேயே அங்கே பௌத்தராகப் பஞ்சசீலம் ஏற்று, சிங்களக் குழந்தைகளுக்காகப் பள்ளிகள் ஏற்படுத்தி, மதிப்புப் பெற்றவர். அறுபத்தைந்து வயது நிரம்பிய அந்த முதியவர், ஜூலை மாதத்தில் அயோத்திதாசரையும் கிருஷ்ணசாமி என்னும் ஆசிரியரையும் கடல் கடந்து கொழும்புக்கு அழைத்துச் சென்று, மகாதேரர் சுமங்கலரின் முன் நிறுத்தினார். அங்கே அவர்கள் பஞ்சசீலம் பெற்றுத் திரும்ப, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை, தமிழ்நாட்டின் சிந்தனைக்கு அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகவே வந்து சேர்ந்தது என்று கருதலாம். அந்த ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி, பம்பாயில் கரையேறிய நாளுக்குச் சரியாக 28 ஆண்டும் ஒரு நாளும் கழித்து, கர்னல் அடையாற்றில் காலமாகியிருந்தார்.

சிபாரிசு என்ற சொல் இப்போது நம்மிடையே கறைபட்டுக் கிடக்கிறது. தகுதியில்லாதவனுக்குத் தகுதியுள்ளவனின் இடத்தை வாங்கிக் கொடுக்கும் சீட்டு என்றே அதற்குப் பொருளாகிவிட்டது. ஆனால் தகுதி இருந்தும் வாயில் தெரியாமல் நிற்கிறவர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுவதை நம் முன்னோர் அறமாகக் கொண்டு பாடினார்கள். ஹேய்ஸ் எழுதிய திருமுகத்தைத் தூதர்களும் மந்திரிகளும் படித்தார்கள். எழுதப் படிக்கவே அனுமதிக்கப்படாதிருந்த ஊரூர்க் குழந்தைகளின் கையில் கர்னல் பலகையும் பலப்பமும் கொடுத்தார். தமக்குச் சாட்சி சொல்ல உலகில் ஒருவரும் இல்லாதவர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த திருமுகம் அதுதான். ஹேய்ஸின் கடிதத்துக்கு அவர் பட்ட கடன் அந்தக் குழந்தைகளிடத்தில் தீர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், 1910-ஆம் ஆண்டில், தம்மிடம் குமாஸ்தா வேலை கேட்டு வந்த ஓர் இளைஞரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, வேலை கொடாமல், சென்னைக்கு ஒரு கடிதம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். கணித மேதை ராமானுஜன் கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்த அந்த வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)